முழங்கால் போட ஓர் இடம்

ஜூலை 27, ஞாயிறு

பேரின்பவிளையின் முடிசூடா மன்னனும், முப்பது வருஷம் அரசுப் பேருந்தில் விசில் ஊதி தென்பாண்டிச் சீமையையே நிறுத்திப் புறப்பட வைத்தவனுமாகிய தனசிங் என்னும் நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறேன். உரக்கடையில் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. இவ்வளவு நாள் காலியாகக் கிடந்ததால் உலகம் ஏழு மாத வரலாற்றை இழந்துவிட்டது. போகட்டும்.

இன்று அக்காளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். புறப்படும்போது டாக்டர் என்னைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். டாக்டர்கள் என்றால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அக்காள் கஞ்சி கேட்டு அரைத் தம்ளர் குடித்தாள். அரைத் தம்ளர் என்பது பாமரர் கண்ணுக்கு. என் கண்ணுக்கு அவள் தாமிரபரணியை அணைக்கட்டோடு சேர்த்து உறிஞ்சினாள்.

அவள் கண்ணயர்ந்ததும் மதுரைக்குப் போன் செய்தேன். அக்காளின் ஒரே பிள்ளை அங்கே ஒரு லேப்பில் வேலை பார்க்கிறான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ரூபன். ஆறு வருஷத்துக்கு முன், தான் ஆண் இல்லை, பெண் என்று அம்மாவிடம் சொன்னான். அன்றைக்கே வீட்டைவிட்டுப் போனான். இப்போது பியூலா என்று பெயர். அக்காள் அன்று மூடிய வாய், பிள்ளை விஷயத்தில் இன்னும் திறக்கவில்லை. நான் மட்டும் போனில் பேசுவேன். அதற்குப்பின் முகம் பார்த்ததில்லை.

“அம்மா ரொம்ப நல்லா இருக்கா. உடனே பொறப்பட்டு வா மக்களே” என்றேன்.

“எத்தன நாள் லீவு போடணும் மாமா?” என்று கேள்வி வந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பியூலா வந்துவிட்டாள். நேற்று முன்தினம் ‘பார்க்கிறான்’ என்று எழுதியிருக்கிறேன். பேனா பழைய வண்டி, வளைவில் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பஸ்ஸிலிருந்து நீலப் பருத்திப் புடவையில் இறங்கினாள். அச்சு அசல் இருபத்தைந்து வயது அக்காள். மூக்கு, நடை, தோளில் பையை மாட்டும் கோணல் எல்லாம். நான் பையை வாங்கி, பட்டத்து யானைக்கு முன்னால் போகும் பாகனைப் போல் நடந்தேன். தெருவில் சூரிய கிரகணத்துக்குக்கூட இத்தனை தலை வெளியே வந்ததில்லை. எல்லாருக்கும் கையாட்டினேன். எவரும் திருப்பி ஆட்டவில்லை. கை வலி போலும்.

அக்காள் அவளைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தனசிங்கு, நான் பெத்தது ரூபன. அவன எங்க கொண்டு போட்டாங்கன்னு கேளு.”

பிள்ளை கட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். கேட்கும் தூரம்தான். இருந்தாலும் திரும்பி நின்று கேட்டேன்.

“எங்கயும் போடல மாமான்னு சொல்லுங்க. அன்னைக்கும் இருந்தது இதுதான்.”

அதையும் ஏற்றிக்கொண்டு போய் அக்காளிடம் இறக்கினேன். ஓய்வுபெற்ற கண்டக்டருக்கு மறுபடியும் ஒரே அறைக்குள் சர்வீஸ் கிடைத்திருக்கிறது. டிக்கெட் கிடையாது, சில்லறைத் தகராறும் கிடையாது. பயணிகள்தான் இறங்க மறுக்கிறார்கள்.

ஜூலை 31, வியாழன்

அக்காளைக் குளிப்பாட்ட, புரட்ட, துடைக்க எல்லாவற்றுக்கும் பியூலாதான். அக்காள் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. கஞ்சி கால் தம்ளர். சிறிய நதிகளும் நதிகள்தாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மியில் சுக்கு தட்டிக்கொண்டிருந்தவளிடம், என்னதான் வேண்டும் உனக்கு என்று கேட்டேன். சொத்தா, வீடா, என் மணிமகுடமா, எதுவானாலும் தருவதாக வாக்களித்தேன்.

“ஒண்ணே ஒண்ணுதான் மாமா. நம்ம கோயில்ல அம்மா பக்கத்துல முழங்கால் போட்டுத் திருவிருந்து எடுக்கணும். ஒரே ஒரு தடவ.”

கேட்டதும் நான் கையிலிருந்த காப்பியை ஊதத் தொடங்கினேன். அது ஆறித்தான் இருந்தது.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். வெள்ளைக்கார மிஷனரி போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் அந்த நடுப்பாதையை எந்தப் பூகம்பமும் நகர்த்தவில்லை. அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கும் ஆண்கள் முதலில் போய்ப் பீடத்தின் முன் முழங்கால் போடுவார்கள். அவர்கள் எழுந்து வந்தபின் பெண்கள். அக்காள் பக்கத்தில் முழங்கால் போடவேண்டும் என்றால், பியூலா இடப்பக்கம் உட்கார்ந்தாக வேண்டும்.

சாயங்காலம் சபைச் செயலர் வேதமணி அண்ணாச்சி வந்தார். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர். மனப்பாடப் போட்டியில் முதல் பரிசு வாங்கியபோது தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றியவரும் அவரே. பியூலாவைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் சண்டைக்கு வரவில்லை. சண்டை என்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பியூலாவின் ஆசையை நான் சொன்னதும், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு சட்டையும் வேட்டியும் உடுத்திக்கொண்டு வந்தால் தானே கையைப் பிடித்து வலப்பக்கம் கூட்டிப் போவதாகவும், யாராவது வாய் திறந்தால் தன்னைத் தாண்டித்தான் பேசவேண்டும் என்றும் சொன்னார். 

“அந்தச் சட்டையப் போட்டுட்டு வந்தா, ஆண்டவர்ட்ட பொய் சொல்லிட்டு முழங்கால் போட்ட மாதிரி ஆயிரும் சார். நீங்கதான, அவர்ட்ட மட்டும் பொய் சொல்லப்பிடாதுன்னு சொல்லித் தந்தீங்க.”

“அதச் சொன்னது நாந்தான்” என்றார். எழுந்து போனார். காப்பியைத் தொடவே இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. அக்காளால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் போகவில்லை, மன்னர்களுக்கு முழங்கால் வலி வரும். ஒலிபெருக்கியில் ஆராதனை வீடுவரை கேட்டது. பாட்டு தொடங்கியதும் பியூலா துணி மடித்துக்கொண்டே பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோவில் பாடினாள். இரண்டாம் சரணத்தில் எனக்கு வேறொரு குரலும் கேட்டது. திரும்பினேன். அக்காள் சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குருவானவர் ஞானதுரை வந்தார். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. நான் அவரை ஒரே வாதத்தில் வீழ்த்தி, பிஷப்பையும் வீழ்த்தி, ரோமாபுரிவரை படையெடுப்பது என்று காலையிலேயே திட்டமிட்டிருந்தேன். ஆனால் கொல்லையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது, “எனக்குப் பதில் தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் விரும்பல” என்பதுதான். என் படை எல்லையிலேயே நின்றுவிட்டது.

வெகுநேரம் பேசினார்கள். ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்றுதான் தனக்குக் கற்பிக்கப்பட்டது, அதை ஒரே நாளில் கழற்றிவைக்கத் தன்னால் முடியாது என்றார் குருவானவர். பியூலா ஒத்துக்கொண்டாள். நானும் அதே வேதத்தைத்தான் வாசிக்கிறேன், பதினைந்து வயதில் தினமும் முழங்காலில் நின்று ஆண்டவரே என்னை மாற்றும் என்று கேட்டேன், அவர் என்னை மாற்றவில்லை, கூட இருந்தார், அதற்குமேல் எனக்கு இறையியல் தெரியாது என்றாள். இதையெல்லாம் சண்டை போடாமல், ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பிறகு வேதத்தில் வரும் அந்த அண்ணகரை, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரியைப் பற்றிப் பேச்சு வந்தது. தேரில் போனவர், தண்ணீரைக் கண்டதும் எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று கேட்டாரே, அவர்.

“அதப்பத்தி எத்தனையோ பிரசங்கம் பண்ணிட்டேன்” என்றார் குருவானவர். “அந்த ஆள் நம்ம கோயிலுக்கு வந்தா எந்தப் பக்கம் உக்காந்திருப்பார்னு ஒரு தடவகூட யோசிக்கல.”

வேப்பம்பழம் ஒன்று அவர் மடியில் விழுந்தது. அதை எடுத்து உருட்டிக்கொண்டே, பதினேழாம் தேதி சபைக் கமிட்டி கூடுகிறது, அங்கே இதைத் தானே எடுத்துப் பேசப்போவதாகவும், அதுவரை தன்னிச்சையாக எதுவும் செய்வதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். இப்போது அவசரப்பட்டால் பத்துக் குடும்பம் பீடத்தைவிட்டு எழுந்து போகும், அவர்களும் தன் ஆடுகள்தானே என்றார். கொஞ்சம் டைம் கொடு என்று கேட்டார்.

“எனக்கு டைம் இருக்குங்கய்யா. அம்மாவுக்குத்தான் இல்ல.”

குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சனிக்கிழமை வீட்டுக்கே வந்து அக்காளுக்குத் திருவிருந்து தருவதாகச் சொன்னார். அக்காளுக்கு மட்டும்.

“சரிங்கய்யா. எனக்குத் தர வேண்டாம். நான் பக்கத்துல இருக்கேன்.”

அவர் போனபின் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தேடிப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை. முருங்கை மரத்தில் பாதியை வெட்டிப் போட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கஞ்சி மூன்று ஸ்பூன். வைகையில்கூட வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருப்பதில்லை. அதற்காக அதை ஆறு இல்லை என்று எவனாவது சொல்வானா?

ஆகஸ்ட் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குருவானவர் சின்னப் பெட்டியோடு வந்தார். வழக்கம்போல் சபைச் செயலராக வேதமணி அண்ணாச்சியும் கூட வந்தார். ஸ்டூலில் வெள்ளைத்துணி விரித்து, அப்பமும் கிண்ணமும் வைத்தார்கள். அக்காளுக்குத் தலை நிற்கவில்லை. பியூலா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அம்மாவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஜெபம் முடிந்ததும் குருவானவர் அப்பத்தை அக்காளின் உள்ளங்கையில் வைத்தார். அக்காள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உடைக்கப் பார்த்தாள். எங்கள் கோயிலில் கொடுக்கும் அப்பம் அப்பளத்தைவிட மெல்லியது. அதை உடைக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது. பாதியைத் தோளுக்குமேல் பின்னால் நீட்டினாள்.

“இந்தா, புள்ள.”

ஆறு வருஷத்தில் நேராகப் பேசிய முதல் பேச்சு. என் வழியாக வரவில்லை.

பியூலா குருவானவரைப் பார்த்தாள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேதமணி அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் ‘வாங்கிக்கோ, வாங்கிக்கோ’ என்று விசில் ஊதினேன். என் விசிலுக்கு நகராத வண்டியே கிடையாது.

அவள் அம்மாவின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, கையை அம்மாவின் வாய்க்கே திருப்பிக் கொண்டுபோனாள்.

“நீ சாப்பிடும்மா. எனக்கு அப்பறம்.”

அக்காள் சாப்பிட்டாள்.

எல்லாரும் போனபின் பியூலா அடுப்படியில் தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். வாங்கியிருந்தால் ஐயா வாக்குத் தவறினவர் ஆகியிருப்பார், பதினேழாம் தேதி அவர் வாயைத் திறக்கவே விடமாட்டார்கள் என்றாள். நியாயமான பதில். சொல்லி முடித்துவிட்டுக் குழாயை மூடினாள்.

“ஆனா அம்மா குடுத்தா மாமா. அம்மா கையால குடுத்தத நான் திருப்பிக் குடுத்துட்டேன்.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வேறு எந்த விசேஷமும் இல்லை. முருங்கைக்காய் விலை ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் ஒரு ஸ்பூன் கஞ்சி குடித்தாள். ஒரு ஸ்பூன்தான்.

பத்து மணிபோல் அக்காள் போய்விட்டாள். பியூலாவின் மடியில்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடக்கம் முடிந்தது.

பெட்டி தூக்கும் நேரம் வந்ததும் வேதமணி அண்ணாச்சி பியூலாவிடம் வந்தார். தலைமாட்டு இடப்பக்கக் கைப்பிடி மகனுக்கு உள்ளது என்பது ஊர் வழக்கம். அவர் குரலைத் தாழ்த்தி, உள்ளே போய் ஒரு வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடு, அம்மாவை நீ தூக்காமல் யார் தூக்குவது என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். அவள் வெள்ளைப் புடவையில் நின்றாள். இல்லை என்று தலையசைத்தாள். பெண்கள் கூட்டத்தில் சேரவும் அவளுக்கு யாரும் விலகி வழிவிடவில்லை. சுவரை ஒட்டி நின்றாள்.

அந்தக் கைப்பிடியை நான் பிடித்தேன். வலப்பக்கம் வேதமணி அண்ணாச்சி. கோயிலில் ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும், கால் புதையும் தேரிமணல் பாதை வரை போனோம். அங்கே எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

இதைப் பிற்காலத்தில் வாசிக்கும் சரித்திர ஆசிரியர்கள் சந்தேகப்பட வேண்டாம். அது நிஜமான இடுப்புப் பிடிப்பு. மருத்துவ உலகம் அதுவரை கண்டிராத ரகம். திடீரென்று வந்தது, ஒரு கையை விட வைத்தது, பெட்டி என் பக்கம் சரிந்தது, நான் “ஐயோ, யாராவது பிடிங்க” என்றேன். எனக்குப் பக்கத்தில் யார் நடந்து வந்தார்கள் என்பது தற்செயல். அரை மணி கழித்து அதே திடீரோடு சரியாகிவிட்டது என்பதும் தற்செயலே.

பியூலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர்வலம் நின்றது. ஆறு பேர் கையில் பெட்டி. வேதமணி அண்ணாச்சி நினைத்திருந்தால் இறக்கி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“மணல் எளக்கமா கெடக்கு” என்றார். “பாத்து வாம்மா.”

நடந்தார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பியூலாவை பஸ் ஏற்றிவிட்டேன். அந்த நீலப் புடவைதான். அக்காளின் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் மாமா, எல்லாம் மனப்பாடம் என்றாள். கண்டக்டர் இளவட்டம், விசிலை எச்சில் தெறிக்க ஊதினான். அந்தக் காலத்து விசில்களின் கம்பீரத்தைப் பற்றி அவனுக்கு ஒரு பேருரை ஆற்றலாம் என்று வாயைத் திறந்தேன். வண்டி போய்விட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கமிட்டி கூடியது. குருவானவர் சொன்னபடியே எடுத்துப் பேசினாராம். இரண்டு பேர் எழுந்து போனார்களாம். மற்றவர்கள் அசனப் பண்டிகை முடியட்டும், மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம் என்றார்களாம். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள்தான் அசனம். ஆக, ஒன்றாகச் சாப்பிட்டு முடித்தபின், யாரோடு சாப்பிடலாம் என்று பேசுவார்கள்.

முருங்கை துளிர்த்திருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். அக்காள் போனபின் முதல் திருவிருந்து. ஆண்கள் வரிசையில் நடுப்பாதை ஓரமாக முழங்கால் போட்டேன். பக்கத்தில் வேதமணி அண்ணாச்சி.

குருவானவர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் உள்ளங்கையில் ஓர் அப்பம் வைத்தார். அடுத்த ஆளுக்கு நகரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு, முதல் அப்பத்தின்மேல் இன்னொன்றையும் வைத்தார்.

ஒன்றை உட்கொண்டேன். மற்றதைச் சலவைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வேதமணி அண்ணாச்சி கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் பஸ்ஸில் மதுரை போனேன். உட்கார இடம் கிடைத்தது. சட்டைப் பையை ஒரு கையால் மூடிக்கொண்டே போனேன்.

பியூலாவுக்கு ஒரே அறை. கட்டில், அடுப்பு, சுவரில் ஒரு சிலுவை. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டி, யார் கொடுத்தது என்று சொன்னேன். அவள் துணியை நனைத்து வந்தாள். தரையைத் துடைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து தலையில் முந்தானை போட்டுக்கொண்டாள்.

அந்த அறையில் வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. இரண்டு பேர் நிற்கவே இடம் கொஞ்சம்தான். அவள் சுவரோரமாகத் தள்ளி முழங்கால் போட்டாள். அப்பத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நானும் போடவேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

நான் அவளை ஒட்டிப் போடவில்லை. கட்டிலை நகர்த்தி, நடுவில் அக்காளுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் முழங்கால் போட்டேன்.